மாசியில் மக்காச்சோளம் விதைக்கலாமா?

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "போன வருடம் மாசிக் கடைசியில் ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். பயிர் ஆளுயரம் வந்தது, ஆனால் கருதில் பாதிக்கு மேல் மணியே இல்லை. இந்த வருடம் வெங்காயம் எடுத்ததும் மாசியில் மறுபடி விதைக்கலாமா?"

உங்கள் விதையிலோ உரத்திலோ குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. நாளைக் கணக்குப் பாருங்கள். நூறு, நூற்றைந்து நாள் ரகம் ஏறக்குறைய 55 முதல் 60 நாளில் பூக்கும். மாசிக் கடைசியில் விதைத்தது அக்னி நட்சத்திரத்தில் பூத்திருக்கிறது.

கருதின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்கானது. மேலே ஆண் பூவிலிருந்து காலை நேரத்தில் உதிரும் மகரந்தம் அந்த இழையில் ஒட்டினால்தான் அங்கே மணி பிடிக்கும். வெயில் 38 டிகிரியைத் தாண்டி, காற்றும் வறண்டு, நிலத்தில் ஈரமும் குறைந்தால் மகரந்தம் செத்துப்போகும், இழையும் தாமதமாக வரும், வந்தது சீக்கிரம் காய்ந்துவிடும். மழை நாளை வருமா என்பது நம் கையில் இல்லை. பூக்கும் வாரம் எது என்பதை ஓரளவு நாம் முடிவு செய்யலாம். அதனால் விதைக்கும் நாளைப் பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

தை முதல் வாரமே நல்ல பட்டம். அது தவறியிருந்தால் மாசி 5 தேதிக்குள் விதையுங்கள், 90 நாள் ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கும் மேல் போனால் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு எள் விதையுங்கள். 80, 85 நாளில் முடியும், தண்ணீரும் குறைவு. மாடு இருந்தால் மக்காச்சோளத்தையே தீவனமாகப் போட்டு, மணி பால் பிடிக்கும்போது அறுத்துவிடலாம்.

அப்புறம் கிணறு. ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். பங்குனி, சித்திரையில் உங்கள் கிணறு எவ்வளவு ஊறும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றரை ஏக்கருக்குப் போதாது என்று தோன்றினால் முக்கால் ஏக்கரில் மட்டும் விதையுங்கள். பூக்கும் இரண்டு வாரத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் விளைச்சல் பாதியாகிவிடும். அந்த நாட்களில் மாலையில் கட்டுங்கள்.

கோடை மழையோடு வரும் சூறைக்காற்றுக்கு 25, 30 நாளில் செடியின் அடியில் மண் அணைப்பதுதான் காப்பு. பூக்கும் முன் சாய்ந்த பயிரைத் தூக்கி நிறுத்த வேண்டாம், தானே நிமிரும்.

மணி பிடித்ததா என்று தெரிந்துகொள்ள அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இழை வெளிவந்து ஒரு வாரம் கழித்து ஒரு கருதை ஒடித்து, தோலை மெதுவாக உரித்து, காம்பைப் பிடித்து உதறுங்கள். கரு பிடித்த இடத்து இழை உதிரும், பிடிக்காதது ஒட்டியே நிற்கும். வயலின் நாலைந்து இடங்களில் இப்படிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒட்டி நின்றால் அந்த வாரமே தீவனத்துக்கு அறுத்துவிடுங்கள், மிச்சத் தண்ணீராவது கிணற்றில் இருக்கும்.