கேளுங்கள், சொல்கிறேன்: டென்மார்க்கைத் தூக்கிவிட்ட வெண்ணெய்

கேள்வி: ஐயா, கடல் வணிகத்தில் செல்வம் சேர்க்கும் நாட்டுக்கு விவசாயம் எதற்கு? தானியத்தை மலிவாக இறக்குமதி செய்துகொண்டு, உழுகிறவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் வளர்ச்சி வேகமாக வராதா?
– பொருளியல் மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை டென்மார்க் செய்தது. மறுபாதியைச் செய்யாததால்தான் பிழைத்தது.

1870களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவுத் தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தது. தானியம் விற்றுவந்த டென்மார்க் விவசாயிக்கு விலை படுத்துவிட்டது. ஜெர்மனியும் பிரான்சும் சுங்கவரியை ஏற்றின. டென்மார்க் ஏற்றவில்லை. வந்த தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போட்டு, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் பிரிட்டனுக்கு அனுப்பியது.

பால் சங்கச் செயலராக இருந்தவன் நான். இந்த இடத்தைச் சட்டென்று தாண்ட மனம் வரவில்லை. பாலிலிருந்து கிரீமை நிற்காமல் பிரிக்கும் இயந்திரம் 1878 வாக்கில் வந்தது. நாலைந்து மாடு வைத்திருப்பவர் அதைத் தனியாக வாங்க முடியுமா? 1882இல் டென்மார்க்கின் ஜட்லாண்டு தீபகற்பத்தில், மேற்கே இருக்கும் யெடிங் ஊர் விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுப் பால் நிலையம் தொடங்கினார்கள். இப்படிப் பரவிய சங்கங்களில் வாங்கிய கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் பொறுப்பு. வீட்டுத் தேவை போக மீதிப் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும். இந்த நிபந்தனைதான் உயிர்நாடி. வெளி வியாபாரி சற்றுக் கூட்டிக் கொடுக்கிறார் என்று நாலு பேர் அங்கே ஊற்றத் தொடங்கினால் சங்கம் எப்படி ஆட்டம் காணும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். 1900 வாக்கில் டென்மார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பால் நிலையங்கள் இருந்தன.

கிரீம் எடுத்த பால் வீணாகவில்லை. அது உறுப்பினர் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பன்றிக்குத் தீவனமானது. 1887இல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதிக்குத் தடை போட்டதும், அதே ஆண்டு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் விவசாயிகள் தங்களுக்கென்றே கூட்டுறவு இறைச்சிக்கூடம் கட்டிவிட்டார்கள்.

தொழிற்சாலை பற்றிக் கேட்டீர்கள். கோபன்ஹேகனில் கப்பல் கட்டிய பர்மைஸ்டர் அண்டு வைன் நிறுவனமே கிரீம் பிரிக்கும் இயந்திரமும் செய்து விற்றது. 1912இல் பெருங்கடல் கடந்த டீசல் கப்பல் செலாண்டியாவைக் கட்டியதும் அதே நிறுவனம். ஜட்லாண்டின் மேற்குக் கரையில் எஸ்பியர் துறைமுகம் வளர்ந்ததில் பிரிட்டனுக்குப் போன வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பெரும் பங்குண்டு. அங்கே தொழிலும் வணிகமும் மாட்டுக் கொட்டகையோடு சேர்ந்தே வளர்ந்தன.

நீங்கள் இதைப் படிக்கும்போது 1880களிலிருந்து தொடங்காதீர்கள். 1788இல் குடியானவர்களைப் பண்ணையோடு கட்டிப்போட்ட முறை ஒழிந்தது. அடுத்த பல ஆண்டுகளில் அவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள். 1814இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. சொந்த நிலமும் எழுத்தறிவும் இருந்தவர்கள்தான் கூட்டுக் கடன் பத்திரத்தைத் தாங்களே வாசித்துக் கையெழுத்துப் போட்டார்கள். குத்தகைக் கூலிகளாகவே அவர்களை வைத்துக்கொண்டு துறைமுகத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தால், அந்த மலிவுத் தானியமே அவர்களை ஊரைவிட்டு விரட்டியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.