வெல்லத்தை மறந்த கதை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 13 வயது. கோவையில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். அடுத்த மாதம் பெங்களூருவில் ஜூனியர் தேசியப் போட்டி. குதிரைகள் லாரியில், பிள்ளைகள் வேனில். பெற்றோரும் கூட வரலாம் என்கிறார்கள். இப்போதே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். உங்கள் அக்கா மகனின் அணியோடு நீங்கள் போய்வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நானும் போகட்டுமா? அவளுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். தைரியம் மட்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிப் பார்த்து அசடு வழிந்தவன்.

சேலம் வரைக்கும் வேனில் அக்கா மகனிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவன் பின்கண்ணாடி வழியாகக் குதிரை லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பூர் ஏற்றத்தில் லாரி பின்தங்கிக் கண்ணில் படாமல் போனதும், "மாமா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றான். அதுவரை நான் பேசியது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. லாரியில் குதிரை சும்மா நின்றுகொண்டு வருவதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் கால் மாற்றி ஊன்றிக்கொண்டே வருகிறது. தலையைக் கட்டியிருப்பதால் குனியவும் முடியாது. குனிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேர்கிற தூசியும் சளியும் வெளியே வரும். நெடுநேரம் குனியாமலே வந்தால் நுரையீரலில் நோய் பிடிக்கலாம். அதனால் அதிகம் போனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலைக்கயிற்றைத் தளர்த்தித் தண்ணீர் காட்டுவார்கள். தருமபுரிக்கு வெளியே நிறுத்தியபோது, குதிரைகளைப் பராமரிக்கிற சயீஸ் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள்.

பெங்களூரு போய்ச் சேர்ந்ததும்தான் வினை. அவனுடைய பெட்டைக்குதிரை வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புது ஊர்த் தண்ணீரின் வாசனை பிடிக்காவிட்டால் பல குதிரைகள் வாய் வைக்காது. நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கிற பிராணி. குடிக்காவிட்டால் குடலில் தீவனம் இறுகி, கோலிக் என்கிற வயிற்றுவலி வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் அந்த வலி உயிருக்கே உலை வைக்கலாம். இதற்காகவே பயிற்சியாளர் ஒரு வாரம் முன்னதாக ஊரிலேயே வெல்லத் தண்ணீர் பழக்கியிருந்தார். போன இடத்திலும் அதே வெல்லத்தைக் கரைத்தால் வித்தியாசம் தெரியாதாம். நல்ல யோசனை. ஆனால் வெல்லம் வைத்த பையை எடுத்துவரும் பொறுப்பு என்னுடையது. பை கோவையில் இருந்தது.

இரவு பத்து மணிக்கு அவனும் நானும் தெருத்தெருவாகத் தேடினோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஒரு கடையில் 'வெல்லம்' என்றேன், புரியவில்லை. அவன்தான் எங்கிருந்தோ கன்னட வார்த்தை ஞாபகம் வந்து "பெல்லா, பெல்லா" என்றான். ஒரு கிலோ கிடைத்தது.

குதிரை முதலில் உதட்டை மட்டும் நனைத்தது. அப்புறம் அரை வாளி இழுத்தது. அதன் விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்டுக்கொண்டே நின்றான். விடிகாலையில் லாயத்திலிருந்து ஓடிவந்து, "லத்தி போட்டிருக்கு மாமா!" என்று எல்லாரையும் எழுப்பினான். சாணம் போட்டால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டான். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவன் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

போட்டிக்கு முன், குதிரை தாண்ட வேண்டிய தடைகளுக்கு நடுவே நடந்து தூரத்தை அளப்பார்கள், நம் நான்கு காலடி குதிரைக்கு ஒரு பாய்ச்சல் என்ற கணக்கில். எண்ணிக்கொண்டு போகும்போது அவன் முகத்தில் கலவரம் இல்லை. களத்தில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டான், 4 தண்டப் புள்ளி. அழுவான் என்று நினைத்து நான் கைக்குட்டையோடு நின்றேன். அவன் இறங்கியதும் சேணத்தின் வாரைத் தளர்த்திவிட்டு வாளியைத் தேடிப் போனான்.

உங்கள் மகளுக்கும் வாளியைப் பிடிக்கிற வேலையைக் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். குதிரைக்குக் கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் இல்லை என்கிற ரத்தப் பரிசோதனை அறிக்கை, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் எல்லாம் குதிரையேற்றப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். போட்டி நடக்கும்போது வேலியோரம் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், குதிரையும் திரும்பிப் பார்க்கும்.

வெல்லத்தை உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.