பேச்சு தாமதமான பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொண்டால் நிறுத்த வேண்டுமா?

மகனுக்கு 7 வயது, இன்னும் வாக்கியம் சரியாகக் கோக்க வரவில்லை, ஆனால் விளையாடும்போதும் கணக்குப் போடும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான், வகுப்பில் டீச்சர் அதட்டுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அவன் அப்படித்தான் யோசிக்கிறான்.

3, 4 வயதில் எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டேதான் எதையும் செய்யும். பள்ளிக்குப் போன பிறகு அது முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, மனசுக்குள் போய்விடும். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, படம் வரைகிற பிள்ளைக்கு வேண்டிய நிறப் பென்சில் கிடைக்காதபடி செய்து பார்த்தார். "நீலம் எங்கே? பரவாயில்லை, சிவப்பில் வரைந்து தண்ணீர் தொட்டால் நீலம் மாதிரி ஆகிவிடும்" என்கிற ரீதியில் பிள்ளை தனக்கே வழி சொல்லிக்கொண்டது. வேலை சிக்கலானதும் தன்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் இதே பாதைதான், காலம் மட்டும் கூடுதலாக ஆகும். 2012இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வும் இதையே காட்டியது. அதனால் 7 வயதில் சத்தமாக யோசிப்பது உங்கள் மகனுக்கு இயல்பு. அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க... இல்ல... திருப்பு. திருப்பு. ம், ஒக்காரு" என்றான். துண்டு உட்கார்ந்தது. "திருப்பு" எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டால், தோசை வார்க்கும்போது அவர் சொல்கிற வார்த்தையாம். காதில் விழுந்ததை எடுத்துத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டான். எனக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

நீங்களும் அந்த அம்மா மாதிரிதான் செய்ய வேண்டும். அவன் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் வேலையைச் சின்னச் சின்ன வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அரிசி களைஞ்சாச்சு. தண்ணி எவ்வளவு? ரெண்டு டம்ளர். இப்ப மூடணும்." அவன் முணுமுணுக்கும்போது இலக்கணம் திருத்த வேண்டாம், குறுக்கே கேள்வியும் வேண்டாம். திணறி நின்றால் மட்டும் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை போதும்.

கையில் இருக்கிற வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் டிவி விளம்பரத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது வேறு. முதலில் காது பரிசோதனை, பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர்.

டீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஓர இருக்கை கொடுத்து, மெதுவாக முணுமுணுக்க விடச் சொல்லுங்கள். முக்கியமாகக் கணக்கு நேரத்தில். அங்கேதான் அவனுக்கு அது அதிகம் தேவைப்படும்.