கலிஃபோர்னியா தீவாக இருந்தால் போலியா?

கேள்வி: மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் ஓர் உலக வரைபடம் வாங்கினேன், 4,500 ரூபாய். பழுப்பேறிய தாள், இரண்டு வட்டங்களாக உலகம், சுற்றிலும் நான்கு ஆட்களின் படம், தலைப்பில் 1626. அதில் கலிஃபோர்னியா தனித் தீவாக இருக்கிறது, அதனால் டூப்ளிகேட்தான் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? – வாசகி, மாட்டுங்கா.

பதில்: டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆனால் உங்கள் மகன் சொல்லும் காரணம் தப்பு. அடையாளங்களைப் பார்த்தால் லண்டன் வரைபடக்காரர் ஜான் ஸ்பீடின் வரைபடம் அது. அந்த நால்வர் மெகல்லன், டிரேக், கேவண்டிஷ், வான் நூர்ட், அதாவது கப்பலில் உலகைச் சுற்றியவர்கள் (மெகல்லன் பாவம், 1521லேயே பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார், பாதி வழிதான்). ஸ்பீடின் அசலிலும் கலிஃபோர்னியா தீவுதான்! வேடிக்கை என்னவென்றால், 1570ல் ஒர்டேலியஸ் என்ற வரைபடக்காரர் அதைச் சரியாகத் தீபகற்பமாகவே, அதாவது நிலத்தோடு ஒட்டியே போட்டிருந்தார், பின்னால் வந்தவர்கள்தான் வெட்டித் தீவாக்கி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, கடைசியில் 1747ல் ஸ்பெயின் அரசரே அது தீவில்லை என்று ஆணை போட வேண்டியதாயிற்று.

சரி, உங்களுடையது? ஃபிரேமைக் கழற்றுங்கள், கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் என்கிற இந்தக் கால இயந்திர அச்சு, அத்தோடு கதை முடிந்தது. அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் கோடு வெட்டி, மை பூசி, ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள், அதனால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த லேசான பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். நிறத்தை அப்புறம் கையால்தான் தீட்டுவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் இணைகோடுகள் தெரிய வேண்டும். அட்லஸிலிருந்து பிரித்த தாள் என்றால் நடுவில் மடிப்பும் பின்பக்கம் ஆங்கில அச்சும் இருக்கும். பழுப்பை மட்டும் நம்பாதீர்கள், டீ டிகாஷனில் முக்கினாலே அது வந்துவிடும்.

இன்னொன்று, 1626 என்பது தகட்டில் வெட்டியது, தாள் அச்சான வருஷம் இல்லை. ஸ்பீடின் அட்லஸ் அதற்குப் பின்னாலும் மறுபதிப்பு வந்திருக்கிறது. அசல் தாள் லட்சங்களில் விற்கிறது, 4,500க்குக் கிடைத்திருந்தால் உங்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி. பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதுவரை கடைக்காரரிடம் எதையும் கேட்டுவைக்காதீர்கள்.