விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் சட்ட விசாரணைக்கு வந்த சாட்சிகளின் செலவை யார் கொடுத்தார்கள்?

சாட்சிச் செலவு என்றால், விசாரணைக்கு அழைக்கப்பட்டவருக்கு வந்துபோன வகையில் ஆன செலவு. ஏழைகளுக்கு உதவி தருவதை ஒழுங்குபடுத்திய 1834 ஏழைகள் சட்டத்தின்படி லண்டனில் இருந்த ஏழைகள் சட்ட ஆணையர்கள் யாரையும் சாட்சியாக அழைக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து 10 மைலுக்கு மேல் வரச் சொல்லக் கூடாது. செலவைத் தரச் சொல்லி உத்தரவிடுவதும் அவர்கள்தான்.

பணம் பெரும்பாலும் ஏழைகள் வரியிலிருந்து வந்தது, அதாவது ஊரில் சொந்தமாகவோ வாடகைக்கோ வீடு நிலம் வைத்திருந்தவர்கள் கட்டிய வரி. சரி, இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒருநாள் கூலி போனாலே அடுப்பு எரியாத ஆளைச் சும்மா வா என்றால் வரமாட்டார்; கேட்டதையெல்லாம் கொடுத்தால் வரி கட்டுபவர் சும்மா இருக்கமாட்டார். அதனால் கணக்கு தணிக்கையாளரிடம் போகும், சட்டப்படி செல்லாத செலவு என்று அவர் தள்ளிவிட்டால் அனுமதித்தவரே கைப்பணத்தைக் கட்ட வேண்டியதுதான். அப்பார்ட்மெண்ட் பராமரிப்புப் பணத்தில் செயலாளர் இஷ்டத்துக்குச் செலவு செய்துவிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வது போல. மேல்முறையீடு செய்ய வழி இருந்தது, ஆனால் அந்த பயம்தான் எழுத்தர்களை ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ரசீது கேட்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஏழைகள் வரியிலிருந்து வந்ததால் இதை ஏழைகளுக்கான உதவித்தொகை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, இதை வாங்கியதால் யாரும் உதவி பெறும் ஏழையாகக் கணக்கிடப்படவில்லை.