36 கேலன் டேங்கையே எடுங்கள், தம்பி

தம்பி, சொந்த ஊர் மல்லசமுத்திரம், டெக்சாஸ் மாநிலத்து ஒடெஸ்ஸாவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருச்செங்கோடு. 2006 ஜனவரியில் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக இதே ஊரில்தான் வந்து இறங்கினேன்.

புதிய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள். 23 கேலன் டேங்க் போதுமா, கூடுதல் பணம் கட்டி 36 கேலன் எடுப்பதா என்பது உங்கள் கேள்வி. 36தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நம் ஊர் மளிகை, கம்பளி உடுப்பு பற்றியெல்லாம் வீட்டு அம்மணி என் மனைவியிடம் போனில் பேசிக்கொள்ளட்டும். அவருக்கு அதெல்லாம் அத்துப்படி.

ஒரு கேலன் 3.78 லிட்டர். அப்படியானால் சின்ன டேங்க் 87 லிட்டர், பெரியது 136 லிட்டர். கேலனுக்கு 20 மைல் என்று வைத்துக்கொண்டால் சின்ன டேங்கே 460 மைல் போகும், தாராளம் என்று தோன்றும். வேலைக்கு டிரெய்லர் இழுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்களே! கனமான டிரெய்லரை மாட்டினால் மைலேஜ் பாதியாகிவிடும். 230 மைல். அதிலும் கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்டுவதில்லை. கால் டேங்கை ஒதுக்கினால் கையில் நிற்பது 170 மைல். மேற்கே இருக்கும் எல் பாசோ நகரம் இங்கிருந்து சுமார் 280 மைல். போதாக்குறைக்கு எதிர்காற்று. பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆடிக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது ஆடியோடு ஓய்வதில்லை. கூடுதல் 13 கேலன் பெட்ரோலின் எடை 36 கிலோ சொச்சம், ஒரு சிமெண்ட் மூட்டைகூட இல்லை. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வண்டி வந்த பிறகு டேங்கை மாற்றுவது வீண் செலவு, வீண் அலைச்சல்.

சின்னதே போதும் என்று டாலஸ் நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கோயிலும் கடையும் அலுவலகமும் அரை மணி நேரத்துக்குள் இருக்கிற ஊரில் அது சரியான பேச்சு. பெருநகரத்தை விட்டு வெளியே ஓர் இரவுகூட வண்டி ஓட்டியிராத நம் ஆட்கள், ஒடெஸ்ஸாவுக்கு வருகிறவனுக்கு யோசனை சொல்வது எனக்கு இருபது வருடமாகவே பிடிப்பதில்லை. நான் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். "அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் பங்க் இருக்கும்" என்ற பேச்சை நம்பித்தான் போனேன்.

முதல் பிப்ரவரியில், எல் பாசோவில் ஒரு பம்பு உதிரியை வாங்கிக்கொண்டு பழைய பிக்கப்பில் தனியாகத் திரும்பினேன். பெட்ரோல் முள் கால் டேங்கில் அசையாமல் நின்றது. நல்ல மைலேஜ் என்று மகிழ்ந்தேன். முள் பழுதாகி நின்றிருக்கிறது. வழியில் வான் ஹார்ன் என்ற சிற்றூரைத் தாண்டிப் பத்து மைலில், இரவு பதினொரு மணிக்கு வண்டி இருமி நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் நிறுத்தினார். அவர் வண்டியில் ஒரு மஞ்சள் கேன், ஒரு சிவப்பு கேன். மஞ்சள் டீசல், சிவப்பு பெட்ரோல். இந்த நிற வழக்கத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காற்றில் சிந்தாமல் இருக்கத் தன் தொப்பியை மறைப்பாகப் பிடித்து ஐந்து கேலனும் ஊற்றினார். பணம் வாங்கவில்லை.

அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். எங்களுடையது ரிக் வண்டிக் குடும்பம். போர்வெல் போட ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போவார். துளையிடும் லாரியோடு போகும் துணை லாரியில் டீசல் பேரல் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். மீட்டர் முள்ளை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கத்தியால் கோடு கீறிய மூங்கில் குச்சி ஒன்றை டேங்குக்குள் விடுவார், வெளியே எடுத்து ஈரம் ஏறிய கோட்டைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் சாவி. அரை டேங்குக்குக் கீழே போக விட்டதில்லை. வான் ஹார்ன் இரவுக்குப் பிறகு நானும் விட்டதில்லை.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் பரவலாக மின்சாரம் போனபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. கரண்டு இல்லாமல் பங்கில் பம்பு ஓடவில்லை. எங்கள் வண்டியில் முக்கால் டேங்க் இருந்தது. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிவந்து, முற்றத்தில் நிறுத்திய பிக்கப்பில் ஹீட்டர் போட்டுப் படுக்கவைத்தோம். முற்றம் என்று சொன்னதைக் கவனியுங்கள். கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. அந்தப் புயலில் கார்பன் மோனாக்சைடால் செத்தவர்கள் பலர். புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் போடும்போது பம்பு 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். ஊரில் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை நிரப்புவோமே, அதை இங்கே செய்தால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி நனைந்து கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. டேங்குக்குக் கேட்கும் தொகை உங்களை ஏழையாக்காது. கடன் பத்திரம் ஆக்கும். விலை பேசி முடித்ததும் வண்டி விற்கும் கடைக்காரர்கள் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், பெயின்ட் பாதுகாப்பு, கூடுதல் வாரன்டி என்று ஒவ்வொன்றாக மாதத் தவணையில் சேர்ப்பார்கள். கடன் வரலாறு இல்லாத புது ஆளாக 2007-ல் நான் 17 சதவீத வட்டிக்குக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் முதலில் கிரெடிட் யூனியனில், அதாவது நம் ஊர் கூட்டுறவு வங்கி போன்ற இடத்தில், வட்டி கேட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வரும் சனிக்கிழமை என்றால் நானும் உடன் வருகிறேன். ஆர்டர் தாளில் 36 கேலன் என்ற வரியை இருவரும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.