ரெஸ்யூமேயில் பிழை எங்கிருந்து நுழைகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். பிறர் தயாரித்த அறிக்கையில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட நான் அண்மையில் அனுப்பிய ரெஸ்யூமேயின் முதல் பத்தியில், முன்பு விண்ணப்பித்த வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். என் கவனக்குறைவை நொந்துகொள்வதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் உண்டா?

பதில்: உண்டு. கவனக்குறைவு என்று சொல்லி முடித்துக்கொண்டால் அடுத்த முறையும் இதே பிழை நேரும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

படிக்கும்போது நம் கண்கள் வரியின் மீது சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறையக் கால் வினாடி நின்று, அங்கிருந்து அடுத்த இடத்துக்குத் தாவுகின்றன. நடுவில் உள்ள சிறு சொற்கள் பலவற்றின் மீது பார்வை நிற்பதே இல்லை. அடுத்து வரப்போகும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தாவலும் கூடும். பிறருடைய அறிக்கை உங்களுக்குப் புதியது என்பதால் கண் ஆங்காங்கே நின்று பார்க்கிறது. உங்கள் ரெஸ்யூமேயில் உள்ளதோ நீங்களே வாழ்ந்து, நீங்களே எழுதி, பலமுறை படித்துப் பழகிய செய்தி; தாளில் இருப்பதற்குப் பதிலாக, அங்கே இருக்க வேண்டியதைத்தான் மனம் படித்துக்கொண்டு போகிறது. உங்கள் தொழில் திறமைக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பே இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். ரெஸ்யூமேயைப் பெரும்பாலோர் புதிதாக எழுதுவதில்லை. படிப்பை முடித்தபோது எழுதிய பழைய கோப்பைத் திறந்து, புதிய வேலையை மேலே சேர்த்து, எங்கோ ஒரு வரியை வெட்டி, நண்பரின் ரெஸ்யூமேயிலிருந்து ஒரு பத்தியை ஒட்டி, பெயரை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார்கள். சேர்த்த இடத்தை எல்லோரும் சரிபார்க்கிறார்கள். அந்தச் சேர்க்கையால் பொய்யாகிப்போன பழைய வரிகளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முகப்பில் ‘ஐந்தாண்டு அனுபவம்’ என்று இருக்கும். கீழே உள்ள பணிக்காலங்களைக் கூட்டினால் எட்டு வரும். விட்டு வந்துவிட்ட வேலைக்கு எதிரில் ‘இன்றுவரை’ என்றும், அதற்கு மேலே சேர்த்த புதிய வேலைக்கு எதிரிலும் ‘இன்றுவரை’ என்றும் இருக்கும். படிக்கிறவருக்கு இவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் சம்பளம் வாங்குகிறாரோ என்ற ஐயம் எழும். ஒட்டிய பத்தியின் எழுத்துரு மட்டும் வேறாக இருந்து, அது வேறெங்கோ எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் சொல்லும். உங்கள் முதல் பத்தியில் தங்கிவிட்ட அந்தப் பெயரும் இதே வழியில் நுழைந்ததுதான்.

கணினியின் பிழைதிருத்தியும் இங்கே கைகொடுக்காது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ (from) என்பது எழுத்து இடம் மாறி ‘ஃபார்ம்’ (form) ஆகிவிட்டால், இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்தை மட்டும் சரிபார்க்கும் திருத்தி பேசாமல் இருந்துவிடும். வேறொரு நிறுவனத்தின் பெயரோ எழுத்துப்பிழை இல்லாத பெயர். அதை எந்தத் திருத்தி தடுக்கும்?

இவற்றோடு மனநிலையும் சேர்ந்துகொள்கிறது. கடைசி நாள் இரவில், இருக்கிற வேலை பறிபோய்விடுமோ என்ற பயத்திலோ, முந்தைய நிராகரிப்பின் வலியிலோதான் பலர் இதை எழுதுகிறார்கள். தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுத வேண்டிய கூச்சம் வேறு. என்ன சொல்வது என்ற தவிப்பிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிட்டால், எண்களையும் எழுத்துகளையும் பார்க்க மிச்சம் என்ன இருக்கும்? சீக்கிரம் அனுப்பிவிட்டு அதை மறந்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் மிஞ்சும்.

கேள்வி: ஓர் எழுத்துப்பிழைக்காகத் தகுதியுள்ள ஒருவரை ஒதுக்குவது நியாயமா?

பதில்: எல்லா வேலைகளுக்கும் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிறவரை ஒற்றெழுத்துக்காகத் திருப்பி அனுப்புவது நிறுவனத்துக்குத்தான் நட்டம். ஆனால் முதல் சுற்றில் ரெஸ்யூமேயைப் பார்ப்பவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவைச் சேர்ந்த லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், தேர்வாளர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு பதிவுசெய்து பார்த்ததில், முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்ட நேரம் 2012-இல் சராசரியாக 6 வினாடி, 2018-இல் 7.4 வினாடி. அந்தக் குறுகிய நேரத்தில் உங்கள் திறமையை அளக்க அவரிடம் வேறு சான்று எதுவும் இல்லை; கண்ணில் படும் பிழையையே சான்றாக எடுத்துக்கொள்கிறார். மேலும், எழுத்துப்பிழையை மன்னிக்கிறவர்கூட தேதிக் குழப்பத்தை மன்னிக்கமாட்டார். 04/05 என்று எழுதினால் சில நாடுகளில் அது மே மாதம், சில நாடுகளில் ஏப்ரல். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: வேலையில்லாமல் இருந்த ஒன்றரை ஆண்டு இடைவெளியை மறைக்க, முந்தைய பணிக்காலத்தைச் சற்று நீட்டி எழுதும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் செய்வதுதானே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்படி எழுதுபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையை எழுதினால் கதவே திறக்காது என்ற அச்சமும், ‘உள்ளே போன பிறகு உழைப்பால் ஈடுகட்டிவிடலாம்’ என்ற நம்பிக்கையுமே அவர்களை எழுத வைக்கின்றன. உழைப்பால் அது ஈடாவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. உயர்கல்வி நிறுவனத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவராக இருந்த மேரிலீ ஜோன்ஸின் அனுபவமே சான்று. 1979-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, தாம் பெறாத பட்டங்களைப் பெற்றதாகச் சொல்லியிருந்தார். தம் துறையில் பெரிதும் மதிக்கப்பட்டவர். ஆயினும் உண்மை வெளியானதும் 2007 ஏப்ரலில் பதவி விலக நேர்ந்தது. இடையில் திருத்திக்கொள்ளத் தமக்குத் துணிவு வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்காட் தாம்சன் 2012-இல் விலகியதும், அவர் பெறாத கணினி அறிவியல் பட்டம் வாழ்க்கைக் குறிப்பில் இடம்பெற்றிருந்தது தெரியவந்த பிறகே.

ஒன்றரை ஆண்டு இடைவெளி அவமானம் அன்று. உடல்நலம், பெற்றோரைப் பராமரித்தல், ஆட்குறைப்பு என்று காரணம் எதுவாயினும் ஒரே வரியில் எழுதுங்கள். அக்காலத்தில் ஏதேனும் கற்றிருந்தால் அதையும் சேருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதினால் பிழையே வராது அல்லவா?

பதில்: எழுத்துப்பிழை வெகுவாகக் குறையும். ஆனால் நீங்கள் செய்யாத சாதனையையும், யாரும் கணக்கிடாத சதவீதத்தையும் அது அழகாக எழுதித் தந்துவிடக்கூடும். நேர்காணலில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எழுதச் சொல்வதைவிட, எழுதியதைப் படித்துக் குறை சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அனுப்பும் முன் எப்படிச் சரிபார்ப்பது? படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன், இருந்தும் தப்பிவிடுகிறது.

பதில்: படிப்பது போதாது, படிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். எழுதிய அன்றே அனுப்பாமல் ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். பிறகு அச்செடுத்து, வாய்விட்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். வரிசை குலைந்தால் மனத்தால் முந்திக்கொண்டு ஊகிக்க முடியாது. பணிக்காலங்களைத் தனித்தாளில் எழுதிக் கூட்டி, முகப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் துறையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, ‘நான் என்ன வேலை செய்கிறேன் என்று இதிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருள்தான் பிரித்து எடுக்கிறது. ஆகவே பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்துகளை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தை இடம் வலமாகப் பிரித்து இரண்டு பத்திகளாக அமைத்ததும் கட்டங்களுக்குள் எழுதியதும் தாறுமாறாகக் கலந்து வந்தால், மென்பொருளுக்கும் அப்படியே தெரியக்கூடும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால், ஒட்டுவதற்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்காது.

இறுதியாக, தாளில் உள்ள கைபேசி எண்ணை அதைப் பார்த்தே வேறொரு கைபேசியில் அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரியையும் அங்கிருந்தே நகலெடுத்து ஒரு செய்தி அனுப்புங்கள். அழைப்பும் அஞ்சலும் உங்களிடமே வந்து சேர்ந்த பிறகு விண்ணப்பத்தை அனுப்பலாம்.